புழுவைத் தெரியும், பூச்சியைத் தெரியாது

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும் படமும் வந்து சேர்ந்தன. தனியாகப் பதில் போடாமல் இதழிலேயே எழுதுகிறேன். மாடியில் நாலு தொட்டி கத்தரி வைத்தவர்கள் எல்லோரும் என்றைக்காவது கேட்கிற கேள்விதான் உங்களுடையதும்: "காயில் ஓட்டையே இல்லை. வெட்டினால் உள்ளே புழு. எப்படிப் போனது?" அதோடு, கத்தரி இலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு குட்டி வெள்ளைப் பூச்சியைப் படம் பிடித்து, "பார்க்க அழகாக இருந்தது, எடுத்தேன். இதற்கு என்ன பெயர்?" என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்வி. படத்தில் இருப்பது அந்தப் புழுவின் தாய்.

கத்தரிக்காய் நறுக்கத் தெரிந்த யாருக்கும் புழுவை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. வெளிறிய இளஞ்சிவப்பு உடல், பழுப்புத் தலை, சுற்றிலும் ஈரமான கறுப்புக் கழிவு. "சொத்தை" என்று முனகிக்கொண்டே அந்தப் பக்கத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு மீதியைத் தண்ணீரில் போடுவோம். அதே புழு இறக்கை முளைத்து எதிரில் வந்து உட்கார்ந்தால், ஆயுசு முழுக்கக் கத்தரி போட்ட விவசாயிகூட "ஏதோ விட்டில்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விடுவார். நான் விசாரித்த வரையில் தாய்ப்பூச்சியை அடையாளம் சொன்னவர்கள் மிகக் குறைவு. புழுவோடு நமக்குத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. அதன் முகத்தை மட்டும் நாம் பார்த்ததே இல்லை. அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் படத்தைக் கைப்பேசியில் நன்றாகப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அளவு. இறக்கையை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். பெண் சற்றுப் பெரியது, வயிறும் பருத்திருக்கும். ஆணின் வயிறு ஒல்லியாகி முனையில் கூம்பும். பல அந்துப்பூச்சிகள் உட்காரும்போது இறக்கைகளை முதுகின்மேல் கூரைபோல மடக்கிக்கொள்ளும். இது அப்படிச் செய்வதில்லை. இரு பக்கமும் விரித்து இலையோடு இலையாகப் பதித்துக்கொள்கிறது. அதனால்தான் உங்கள் படத்தில் நான்கு இறக்கைகளும் தெளிவாகத் தெரிகின்றன.

வெள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைதான். கிட்டே போனால் கதை வேறு. தலை, மார்பு, முன்னிறக்கை உடலோடு சேருகிற இடம், மூன்றும் பழுப்பு. அந்தப் பழுப்பு சட்டென்று ஒரு கோட்டில் நின்று அங்கிருந்து வெள்ளை ஆரம்பிக்கிறது. வெள்ளையின் நடுவில், இறக்கையின் கீழ்விளிம்பை ஒட்டி, செம்பழுப்பில் ஒரு முக்கோணத் திட்டு. இறக்கையின் நுனிப்பக்கம் பிறைபோல் வளைந்த ஒரு கறுத்த கீற்று. வெளிவிளிம்பு நெடுகச் சின்னச் சின்னப் புள்ளிகள். கூட்டிலிருந்து புதிதாக வெளியே வந்த பூச்சியாக இருந்தால் இந்த வெள்ளையில் லேசான ரோஸ் நிறம் ஓடும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் பின்னிறக்கையில் முத்துச் சிப்பியின் உள்பக்க மினுக்கம் தெரியும். பின்னிறக்கை மெல்லியது, கிட்டத்தட்டக் கண்ணாடி. அதிலும் ஒரு கறுப்புப் புள்ளி, மங்கலாக ஒரு கோடு, ஓரத்தில் குஞ்சம் வைத்ததுபோல நுண்மயிர் வரிசை.

இனி வயிறு. அடையாளம் கண்டுபிடிக்க இதைவிட எளிய குறிப்பு கிடையாது. உட்கார்ந்திருக்கும்போது வயிற்றின் பின்பகுதியைத் தேள் கொடுக்கைத் தூக்குவதுபோல மேலே வளைத்து வைத்திருக்கும். உங்கள் படத்தில் பூச்சியின் நடுவே ஒரு கொக்கி நிற்கிறதே, அது ஒட்டிக்கொண்ட குப்பை இல்லை, வயிறுதான். கத்தரி இலையின் அடியில், விரித்த வெள்ளை இறக்கை, பழுப்புத் தோள், தூக்கிய வயிறு: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. செத்த பூச்சி ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால், இந்த நிறமெல்லாம் செதில்கள் என்பது தெரியும். ஓடு வேய்ந்த மாதிரி வரிசை வரிசையாகச் செதில்கள். வெள்ளைச் செதில் ஒன்று, பழுப்புச் செதில் ஒன்று. கலந்து அடுக்கிய இடத்தில் நம் கண் அதைச் சாம்பல் என்று படிக்கிறது. விரலால் தொட்டால் எல்லாம் துகளாக வந்துவிடும். நாலு நாள் பறந்த பூச்சியின் மேல் பாதி ஓவியம் ஏற்கெனவே உதிர்ந்துபோயிருக்கும். படம் எடுக்க நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்ல நேரம்.

பெயர் கேட்டீர்கள் அல்லவா? வேளாண் புத்தகங்களில் கத்தரி தண்டு மற்றும் காய்த்துளைப்பான். அறிவியல் பெயர் லூசினோடெஸ் ஆர்போனாலிஸ். 1854-ல் இந்தப் பெயரை வைத்த அஷீல் கெனே ஒரு பிரெஞ்சுக்காரர். தொழில் வக்கீல், பித்து அந்துப்பூச்சி. நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஜார்ஜ் ஹாம்ப்சன். நீலகிரியில் தேயிலை பயிரிட வந்த ஆங்கிலேயர் அவர். தேயிலையைவிட விளக்கடியில் விழுந்த பூச்சிகள் அவரை இழுத்துக்கொண்டன. நீலகிரி அந்துப்பூச்சிகள் பற்றி 1891-ல் புத்தகம் போட்டார். பிறகு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை செய்தபடி, பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளைப் பற்றி நாலு தொகுதிகள் எழுதி 1896-ல் முடித்தார். இந்தியப் பூச்சிகளின் இறக்கைப் புள்ளிகளைச் சொல்லில் பிடிக்க முயன்றவர்களில் அவருக்கு இணையாக இன்னொருவரைச் சொல்வது கடினம்.

ஆனால் இறக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே பூச்சிதான் சாட்சி. இது ஆசியப் பூச்சி. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் என்று கத்தரி விளைகிற நாடுகளிலெல்லாம் உண்டு. ஆப்பிரிக்காவிலும் இதுவே இருக்கிறது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அங்கும் கத்தரியைத் துளைக்கிற ஒரு வெள்ளைப் பூச்சி, இதே பழுப்புத் தோளோடு, இதே திட்டுகளோடு இருந்தது. 2015-ல் ரிச்சர்ட் மாலியும் உடன் உழைத்தவர்களும் மாதிரிகளை எடுத்து, இனப்பெருக்க உறுப்புகளை உருப்பெருக்கியில் பார்த்து, டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். ஆப்பிரிக்கப் பூச்சிகள் வேறு இனங்கள் என்று தெரிந்தது, அதுவும் ஒன்றல்ல, பல. வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தவை ரத்தத்தில் வேறாக இருந்தன. உங்கள் மாடியில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை, நம் ஊரில் கத்தரியைத் துளைப்பது ஆர்போனாலிஸ்தான்.

இப்போது ஓட்டை விவகாரத்துக்கு வருகிறேன். தாய்ப்பூச்சி பகலில் இலைக்கு அடியில் முடங்கிக் கிடந்து இரவில்தான் நடமாடும். முட்டைகளைக் குவியலாக இடுவதில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்திலும், சில நேரம் குருத்திலும், மொட்டிலும், காயின் புல்லிவட்டத்திலும் தனித்தனியாக வைத்துப் போகும். நூறு, இருநூறு முட்டைகள்கூட ஒரு பூச்சி இடலாம். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர், வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை. மூன்றிலிருந்து ஆறு நாளில் பொரியும். வெளியே வருகிற குஞ்சுப்புழு நூல் துண்டளவுகூட இருக்காது. அது வெளியில் உலாவுவது கொஞ்ச நேரம்தான். பக்கத்தில் எது பிஞ்சாக இருக்கிறதோ, குருத்தோ பூவோ காயோ, அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், போன வழியைத் தன் கழிவாலேயே அடைத்துவிடும்.

அந்தத் துளை ஊசி குத்தியதைவிடச் சிறியது. காய் தினமும் பெருக்கிறது. பெருக்கப் பெருக்க அந்த வாசல் தழும்பாகி மூடிவிடுகிறது. நீங்கள் பறிக்கிற நாளில் தோல் மேலே பார்த்தால் அப்பழுக்கில்லை. உள்ளே ஒருவர் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் கடையில் காய் பொறுக்கும்போது நாம் பார்த்து ஒதுக்குகிற அந்தப் பெரிய வட்ட ஓட்டை என்ன? அது வெளியேறின வழி. முழு வளர்ச்சி அடைந்த புழு, ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் நீளம், கூடு கட்ட வெளியே கிளம்பும்போது போட்ட துளை. ஓட்டை விழுந்த காயில் பெரும்பாலும் ஆள் இல்லை, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயாயிற்று. ஆள் இருப்பது ஓட்டை தெரியாத காயில். சந்தையில் ஓட்டை பார்த்துப் பொறுக்குகிறவர்கள் கழிவையும் அழுகலையும் தவிர்க்கிறார்கள், அது நல்லதுதான். புழுவைத் தவிர்த்ததாக மட்டும் நினைக்க வேண்டாம். புல்லிவட்டத்தின் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பார்ப்பதும், அளவுக்கு மீறி லேசாக இருக்கிற காயை ஒதுக்குவதும் கொஞ்சம் பலன் தரும். மற்றபடி அரிவாள்மணைதான் கடைசித் தீர்ப்பு.

தெரியாமல் அந்தப் பகுதியைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டால் ஆபத்தா என்று உங்கள் மாமியார் கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். புழுவில் நஞ்சு எதுவும் இல்லை. அது தின்றது கத்தரிக்காய், இருந்தது கத்தரிக்காய். மனசுக்கு ஒப்பாது, அவ்வளவே. அவர்களுக்கு என் வணக்கம்.

காய் பிடிப்பதற்கு முன்பே உங்கள் செடியின் குருத்துகள் தலை கவிழ்ந்தன என்றும், தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை என்றும் சொன்னீர்களே, அதுவும் இதே வேலைதான். காய் இல்லாத காலத்தில் புழுவுக்குக் குருத்துத் தண்டுதான் வீடு. உள்ளே சோற்றைத் தின்று குடைந்துகொண்டு போகும், மேலே ஏறுகிற நீர் நின்றுபோய் நுனி வாடித் தொங்கும். வேரில் கோளாறு என்றால் முழுச் செடியும் சோரும். இதில் ஒரு நுனி மட்டும் தொங்க, பக்கத்துக் கிளை திடமாக நிற்கும். அந்த நுனியை ஒரு அங்குலம் கீழே சேர்த்துக் கிள்ளி, நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஆள் கையும் களவுமாக அகப்படுவார். செடியில் காய் வந்துவிட்டால் குருத்தை விட்டுவிட்டுக் காய்க்குத் தாவும். அப்போது குருத்து நன்றாக இருப்பதைப் பார்த்து "போய்விட்டது" என்று நாம் சந்தோஷப்படுவோம்.

புழுப் பருவம் கோடையில் இரண்டு வாரம்போல, குளிரில் மூன்று வாரம்வரை. பிறகு வெளியே வந்து, உதிர்ந்த சருகுகளுக்கிடையிலோ தண்டிலோ மண்ணை ஒட்டியோ, சாம்பல் நிறத்தில் படகு வடிவமான ஒரு கெட்டிப் பட்டுக்கூடு கட்டிக்கொள்ளும். தொட்டி மண்ணின்மேல் கிடக்கிற காய்ந்த இலைத் துணுக்கு என்றே தோன்றும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் அதிலிருந்து வருவதுதான் உங்கள் படத்து அழகி. அவளுக்கு ஆயுள் சில நாள். அந்தச் சில நாளில்தான் அடுத்த சுற்றுக்கான முட்டை முழுவதும் விழுகிறது. நம் தட்பவெப்பத்தில் வருடம் பூராவும் இந்தச் சுற்று நிற்பதில்லை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ கூட்டுக்குள்ளோ கழிகிறது. வெளியில் நம் கைக்கு எட்டுவது முட்டையாக இருக்கும் சில நாள், பொரித்த பிறகு கொஞ்ச நேரம், பூச்சியாக இருக்கும் சில இரவு. ஆனால் நாம் மருந்துப் புட்டியைத் தேடிப் போவது எப்போது? குருத்து வாடியதைப் பார்த்த பிறகு, அல்லது காயில் ஓட்டையைப் பார்த்த பிறகு. அதாவது புழு உள்ளே பத்திரமாக இருக்கும்போது, அல்லது எல்லாம் முடிந்து கிளம்பிப் போன பிறகு. தெளித்த மருந்து தோல்மேல் காய்கிறது. உள்ளே அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கிறது. பலன் இல்லை என்றதும் மருந்தை மாற்றுகிறோம், அளவைக் கூட்டுகிறோம், நாள் இடைவெளியைக் குறைக்கிறோம். வங்கதேசத்தில் ஒரே பருவத்தில் நூறு தடவைக்கு மேல் கத்தரிக்கு மருந்தடித்த விவசாயிகளை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கத்தரியை நாலைந்து நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். மருந்து அடித்தபின் இத்தனை நாள் காத்திருந்து பறி என்று புட்டியில் எழுதியிருப்பது எழுத்தாகவே நின்றுவிடுகிறது. உங்கள் மாமியாரின் கவலை புழுவைவிட இதன்மேல் இருக்க வேண்டியது.

இதனால்தான் கடைக்காரர் கொடுத்ததாக நீங்கள் எழுதியிருந்த மருந்துப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிறேன். உங்களிடம் இருக்கிற ஐந்து தொட்டிக்கு அது அநியாயம். இன்னொரு நஷ்டமும் உண்டு. இந்தப் புழுவைத் தேடிவந்து அதன் உடலில் முட்டையிட்டு அழிக்கிற ஒல்லியான குளவி ஒன்று இருக்கிறது, டிரத்தலா என்று பெயர். மருந்து புழுவைத் தொடுவதற்கு முன் குளவியைத் தொட்டுவிடும்.

சரி, என்னதான் செய்வது? வயல்களில் பலன் கண்ட முறைகளைச் சொல்கிறேன், மாடிக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். வாடின குருத்தை வாராவாரம் கிள்ளி எடுப்பதுதான் தலையாய வேலை. கிள்ளியதைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டால் கிள்ளாததற்குச் சமம். புழு நிதானமாக வெளியே வந்து கூடு கட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி வெயிலில் வையுங்கள். சொத்தைக் காய்க்கும் இதேதான். சமையலறையில் செதுக்கிய துண்டை உரத்தொட்டியில் போடுகிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள், நீங்களே வளர்த்து அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம்.

வயலில் நடப்பதும் இதுவே, பெரிய அளவில். பயிர் முடிந்ததும் பிடுங்கின கத்தரிமாரை விறகுக்கு ஆகும் என்று வரப்பிலோ வீட்டுப் பின்புறத்திலோ அடுக்கி வைப்பார்கள். அந்தக் கட்டுக்குள் இருக்கிற கூடுகளிலிருந்து பூச்சிகள் வாரக்கணக்கில் கிளம்பிவந்து பக்கத்துப் புதுநடவில் இறங்கும். உலகக் காய்கறி மையம் தெற்காசியாவில் நடத்திய திட்டத்தில், விவசாயிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவற்றில் இந்தக் கட்டுகளை ஒழிப்பதும் ஒன்று. மறுதாம்பு விட்டு வருடக்கணக்கில் ஒரே செடியை வைத்திருப்பதும் பூச்சிக்கு நிரந்தரப் பட்டா எழுதிக் கொடுப்பதுதான். உங்கள் மூன்று வயதுச் செடியின்மேல் உங்களுக்குப் பாசம் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனக்கவர்ச்சிப் பொறி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெண்பூச்சி இரவில் காற்றில் விடுகிற வாசனையை 1980-களில் பிரித்தறிந்து, செயற்கையாகத் தயாரிக்கவும் கற்றுக்கொண்டார்கள். அதை ஒரு சின்ன ரப்பர்க் குப்பியில் ஏற்றிப் பொறிக்குள் தொங்கவிட்டால் ஆண்பூச்சிகள் பெண் என்று நம்பி வந்து மாட்டும். வேறு எந்தப் பூச்சியும் அநேகமாக வராது, அதுதான் இதன் நேர்த்தி. இதன் குறையும் அதிலேயே இருக்கிறது: வருவது ஆண் மட்டும். கூடல் முடிந்து வயிற்றில் முட்டையோடு பக்கத்துத் தெருவிலிருந்து பறந்துவருகிற பெண்ணை அது தடுக்காது. ஏக்கர் கணக்கில், ஊரே சேர்ந்து வைத்தால் பலன் தெரியும். ஐந்து தொட்டிக்கு ஒரு பொறி என்றால் அதன் பயன் வேறு. பொறியில் முதல் பூச்சி விழுந்த இரவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து நாள் இலையடியையும் குருத்தையும் தினம் பார்க்க வேண்டிய நாட்கள் என்று அது சொல்லும். பொறியில் விழுந்ததை அடையாளம் தெரிய வேண்டும் என்பதால்தான் மேலே அத்தனை நேரம் இறக்கையைப் பற்றிப் பேசினேன்.

உங்களுக்கு எல்லாவற்றையும்விட ஏற்றது கொசுவலைத் துணி. நாலு மூங்கில் குச்சி நட்டு, தொட்டிகளைச் சுற்றிலும் மேலேயும் மூடிவிட்டால் பூச்சி உள்ளே வராது. கத்தரிப் பூ தன்மகரந்தம் கொள்ளும், காற்றில் ஆடினாலே காய் பிடிக்கும், நீங்கள் காலையில் கிளையை லேசாகத் தட்டிவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் ஒன்று, வலை போடும் முன் செடியில் இருக்கிற வாடல் நுனிகளையும், மண்மேல் கிடக்கிற சருகையும் சுத்தமாக அகற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரியை உள்ளே வைத்துக் கோட்டையைப் பூட்டின கதை ஆகும்.

கடிதத்தின் முடிவில், மரபணு மாற்றிய கத்தரி வந்திருந்தால் இந்தப் பாடெல்லாம் இருந்திருக்காதே, உங்கள் நிலை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நினைவூட்டலுக்காகச் சொல்கிறேன். மண் பாக்டீரியா ஒன்றின் நச்சுப்புரதத்தைச் செடியே தயாரிக்கும்படி மாற்றிய பி.டி. கத்தரிக்கு, ஒன்றிய அரசின் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் பச்சைக்கொடி காட்டியது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய நம் ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்த்திருந்தது. எதிர்ப்பு வலுத்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கூட்டம் நடத்திக் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013-ல் அனுமதித்து, 2014 தொடக்கத்தில் இருபது விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்து ஆரம்பித்தது.

புழுவின் முதல் கடியிலேயே நஞ்சு வயிற்றுக்குப் போய்விடுகிறது என்பதால், தோல்மேல் மருந்து தெளிப்பதைவிட அது புத்திசாலித்தனமான வழி என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரே நஞ்சு, வருடம் முழுக்க, பரப்பு முழுக்க என்றால் இந்தக் குலத்துப் பூச்சிகள் பழகிக்கொள்ளும். பி.டி. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதே புரதத்தை எப்படித் தாண்டியது என்பது குஜராத்தில் 2010-க்குள்ளேயே தெரிந்துவிட்டது. கத்தரியோ இந்த மண்ணில் எத்தனையோ நாட்டு ரகங்களாகக் கிளைத்த பயிர். வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல். ஒரு ரகத்தின் ருசிக்காக மற்றதைக் கொடுக்க யாரும் தயாராக இல்லாத ஊர் இது. என் சாய்வு நிறுத்திவைத்ததன் பக்கம். அதற்காக மருந்துப் புட்டியே கதி என்று விட்டுவிட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. பி.டி. வேண்டாம் என்று மேடையில் முழங்கியவர்கள், அதற்குப் பிறகு வலை, பொறி, குருத்துக் கிள்ளல் இவற்றை வயலுக்கு வயல் கொண்டுபோக அதே வேகம் காட்டியிருக்கலாம்.

ஏற்றுமதி பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு ஒரு வரி: ஆம், 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் நம் அல்போன்சா மாம்பழத்தோடு கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் பூச்சி காரணமாகச் சில காலம் தடுத்து வைத்தது.  

உங்கள் கேள்விகளில் ஒன்று பாக்கி. படம் எடுத்த பூச்சியை என்ன செய்வது? நசுக்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வயிறு பருத்திருப்பதைப் பார்த்தால் அது பெண். தயவுசெய்து நசுக்குங்கள். அழகாக இருக்கிறது என்பது உண்மைதான். அந்த வயிற்றில் உங்கள் ஐந்து தொட்டிக்கும் போதுமான முட்டை இருக்கிறது என்பதும் உண்மைதான். நசுக்க முடியாவிட்டால், கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஒரு இரவு உறைபெட்டியில் வைத்தால் இறக்கை சிதையாமல் இறந்துவிடும். அப்புறம் லென்ஸ் வைத்து ஆசைதீரப் பாருங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டப் பக்கக் கட்டுரையாளர்

பி.கு.: படத்தின் பின்னணியில், கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஒரு சுண்டைக்காய்ச் செடி தெரிகிறது. அதுவும் கத்தரிக் குடும்பம்தான், இந்தப் பூச்சி அதிலும் தங்கும். வெட்டச் சொல்லவில்லை, சுண்டை வற்றலை இழக்க நானும் சம்மதிக்க மாட்டேன். வாரம் ஒருமுறை குருத்தைப் பார்க்கிறபோது அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். அடுத்த வீட்டுக்காரருடையது என்றால் கேட்டுக்கொண்டு பாருங்கள்.